மாமா குடித்த கோக்

மாமாவுக்கு மூன்று பேரைத் தூக்கி எறியக்கூடிய உடம்பு. ஆனால் அப்பா வீட்டுக்குள் வந்தால் போதும், சோபாவில் நீட்டியிருக்கும் காலை மடக்கிவிடுவார். அக்காவின் புருஷன் என்ற மரியாதை. அத்தானுக்கு முன்னால் அவர் ஒருநாளும் குடித்ததில்லை. பின்னால் குடித்ததைப் பற்றி டொரொன்டோவில் நாங்கள் இருக்கும் மில்லிக்கன் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மார்ச் விடுமுறைக்கு அப்பா, அம்மா, மாமா, நான் நாலு பேரும் டொரொன்டோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போனோம். கிரனாடா என்ற ஊரில் ஒரு கிழமை. சுற்றிவர எல்லா மேசையிலும் வைனும் பியரும். எங்கள் மேசையில் அப்பா. மாமாவுக்கு அது விடுமுறையா தண்டனையா என்று சொல்வது கஷ்டம்.

இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே எட்டரைக்குப் பிறகுதான் கடை திறப்பார்கள். நாங்களோ ஆறு மணிக்கே பசிக்கிற ஆட்கள். அதனால் ஒரு சதுக்கத்தில், பார் ஒன்றின் வெளிமேசையில் போய் இருந்தோம். அந்த ஊரில் குடிக்க ஒரு கிளாஸ் சொன்னால் சின்னத் தட்டில் சாப்பாடு சும்மா வரும். கோப்பிக்கு மட்டும் வராது. அப்பா கோப்பி சொன்னார். மாமா உள்ளே போய் வெயிட்டரோடு ஏதோ கதைத்துவிட்டு வந்து, தனக்குக் கோக் என்றார்.

கோக்கோடு பொரித்த மீன் வந்தது. அடுத்த கோக்கோடு உருளைக்கிழங்கு போட்ட முட்டைப்பொரியல். அம்மாவுக்கு ஊர் பிடித்துவிட்டது. தம்பியை இன்னொன்று குடிக்கச் சொன்னார். மாமா அக்காவின் சொல்லைத் தட்டாதவர்.

எனக்கு மட்டும் சந்தேகம். கோக் குடித்த யாரும் தெருவில் கித்தார் வாசிக்கிறவனுக்கு மேசையில் தாளம் போடுவதில்லை. மாமா பார்க்காத நேரம் கிளாசைத் தூக்கி மணந்து பார்த்தேன். பாதி கோக், பாதி சிவப்பு வைன்.

அடுத்தநாள் கடைத்தெருவில் அம்மா விசிறிகளை விரிப்பதும் மூடுவதுமாக நின்றபோது, ஒரு ஜெர்சிக் கடைக்கு முன்னால் மாமாவை மறித்தேன்.

“உங்கட கோக் மணக்குது, மாமா.”

மாமா முதலில் அப்பா எங்கே நிற்கிறார் என்று பார்த்தார்.

“அத்தானுக்குச் சொல்லிப்போடாதையடா. பிறகு அந்த மனுசன்ர முகத்தில நான் முழிக்கேலாது.”

“நான் ஏன் சொல்லப்போறன்? உந்தச் சிவப்பு ஜெர்சி வடிவா இருக்கு, என்ன?”

ஜெர்சியோடு ஒரு தொப்பியும் வந்தது.

அப்பாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. இவ்வளவு படித்த மனுஷனுக்குப் பக்கத்தில் நடப்பது தெரியவில்லை. ஒவ்வொரு மாலையும் கதிரையைத் திருப்பி, மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புறாக்களைப் பார்த்தபடி கோப்பி குடிப்பார். மாமா என்ன கேட்டாலும் திரும்பாமலே பதில் சொல்வார். புறா பார்க்க ஸ்பெயினுக்கு வரவேண்டுமா? டொரொன்டோவில் நாங்கள் சாமான் வாங்கும் பிளாசாவிலேயே வேண்டிய மட்டும் நிற்கின்றன.

கடைசி மாலை அதே பாரில் புது வெயிட்டர். கோக் என்று மாமா சொன்னதை அப்படியே நம்பி, உடைக்காத கேன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. அப்பா இருக்கும்போது வாய்திறந்து என்னவென்று கேட்பது?

அப்பா பாதி திரும்பி, கேனை என் பக்கம் தள்ளினார்.

“உதை நீ குடி.”

பிறகு உள்ளே நின்ற பழைய வெயிட்டரைக் கைகாட்டி, இவர் வழக்கமாகக் குடிக்கும் கோக் எதுவென்று அவருக்குத் தெரியும், அதைக் கொண்டுவாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி புறாக்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

அம்மா எனக்கு ஒருநாளும் முழுக் கேன் தந்ததில்லை. நான் அதை உடைத்து, ஊருக்குத் திரும்ப முன்னர் மாமாவை மிரட்டி ஒரு சோடி சப்பாத்தும் வாங்கிவிடலாம் என்று யோசித்தபடி ஆறுதலாகக் குடித்தேன்.