பதினான்கு சோடி சப்பாத்து

சுகிர்தம் அம்மா ஒரு அறிக்கையைப் பார்க்கத் தொடங்கும் விதமே வேறு. அறிக்கைக் கோப்பை மேசையில் கவிழ்த்து வைப்பார். "கடைசிப் பக்கத்த உருவி நீங்களே வச்சுக்கிருங்க தம்பி" என்பார். முடிவு எழுதியிருக்கும் பக்கம் அது. உருவியாயிற்று என்று சொன்ன பிறகுதான் கோப்பை நிமிர்த்துவார். படங்களைப் பரப்பி, சேலைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். தன் முடிவைப் பென்சிலால் எழுதி முடிக்கும்வரை மற்றவர் முடிவைக் கேட்கவே மாட்டார்.

கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருஷம் தடயங்களோடு இருந்தவர். ஓய்வுபெற்று ஹட்டனுக்குத் திரும்பிய பிறகு, வழக்குகளில் வரும் தடய அறிக்கைகளை மறுபடி சரிபார்த்துக் கொடுக்கிறார். நான் வக்கீல் ஜெயந்தினியின் குமாஸ்தா. கோப்போடு அவர் வீட்டுக்குப் போய் வருவது என் வேலை.

மஸ்கெலியாவில் சூசைரட்ணம் என்பவரின் நகைக்கடையை உடைத்திருந்தார்கள். பின்பக்கச் சேற்றில் ஒரு ரப்பர் சப்பாத்துத் தடம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் சோலைமலையின் சப்பாத்தோடு அது பொருந்தியது. அதே அளவு, இடது குதியின் வெளிப்பக்கம் அதே தேய்மானம். இப்படித் தேய்வது ஒரே ஆளுக்குத்தான் என்று முதல் நிபுணர் எழுதியிருந்தார். வேறு சாட்சி கிடையாது. ஐந்து மாதமாக சோலைமலை விளக்கமறியலில் அடைபட்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தை வாங்கிப் படித்த சுகிர்தம் அம்மா, "இத எழுதினவரு மருந்தடிக்கிறதப் பாத்திருக்க மாட்டாரு" என்றார்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனோம். மலைச்சரிவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். முதுகில் மருந்து டாங்கி, இடது கையால் பம்பு, ஒவ்வொரு அடிக்கும் பாரம் முழுக்க இடது காலில். ஒருவரல்ல, எல்லோரும் அப்படித்தான்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சப்பாத்துகளைக் கேட்டபோது ஒருவர் சிரித்தார். "என்னங்கம்மா, பழைய சப்பாத்து யாவாரமா?"

இன்னொருவர் சிரிக்கவில்லை. "குடுத்தா நாளைக்கு எங்களயும் உள்ள தள்ளுவாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். எல்லாத்தையும் பெரட்டுக்களத்துல குவிச்சிட்டுப் போயிருங்க. எது யாருதுன்னு எனக்குத் தெரியவே கூடாது."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில் பதினான்கு சோடி சேர்ந்தன. இடது சப்பாத்துகளுக்கு ஒவ்வொன்றாக மையடித்து வெள்ளைத்தாளில் பதித்து, இலக்கம் மட்டும் போட்டார். பதினொன்றில் அதே தேய்மானம். அவற்றில் நான்கு அதே அளவு.

சோலைமலையின் மனைவி பூரணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். "அப்ப அந்தத் தடம் அவரோடது இல்லைன்னு எழுதுவீங்கதானே?"

"இல்லம்மா. அவரோடதாவும் இருக்கலாம், வேற ஆளோடதாவும் இருக்கலாம்னுதான் எழுதுவேன்."

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

'அவருடையதாகவும் இருக்கலாம்' என்ற வரியை எடுத்துவிடலாமே என்று ஜெயந்தினியும் கேட்டுப் பார்த்தார். "எடுத்தா நானும் அந்த நிபுணர் மாதிரிதான் ஆயிருவேன்" என்றார் அம்மா. எடுக்கவில்லை. நீதவான் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். அடுத்த தவணையில் சோலைமலை விடுதலையானார். பூரணி நன்றி சொல்ல வந்தபோது, "நான் அவரக் காப்பாத்தலம்மா, தடத்தத்தான் பாத்தேன்" என்று சொல்லி அனுப்பினார். அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கோப்பைக் கட்டி அலுமாரியில் வைத்த நாளில்தான் ஜெயந்தினி சொன்னார். நகைக்கடைச் சூசைரட்ணம், சுகிர்தம் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். வழக்கை எடுத்த அன்றே அம்மா அதை நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் அந்த அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்குப் பத்திரிகை வரவில்லை.