சொம்பில் இருந்த பெயர்

மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் பக்கமாக வெறும் பையோடு நடந்துகொண்டிருந்தேன். படப்பை தாண்டி ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். பித்தளைச் சொம்பில் கொடுத்தார்கள். அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. இந்தப் பக்கம் பெயரில்லாத பாத்திரமே கிடையாது. மலேயாத் தோட்டத்தில் நாங்கள் சீனன் கடை மங்குக் கோப்பையில் குடித்து வளர்ந்தவர்கள். அதில் பூப் போட்டிருக்கும், பெயர் இருக்காது. நான் ஏமாந்தது அதனால்தான்.

ஜப்பான்காரன் வந்தபோது, தோற்று ஓடிவந்த இந்தியச் சிப்பாய் ஒருவனை என் அப்பா ரப்பர் கொட்டகையில் ஒளித்து வைத்தார். ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போகையில் அவன் தன் சொம்பை அப்பாவிடம் திணித்து, வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னானாம். வரவில்லை. அப்பா அவன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சொம்பிலேயே இருக்கிறதே என்பார். 'மணிமங்கலம் நாதமுனி.' அடியில் பட்டாளத்து எண். குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல் நான் கப்பலேறியபோது, பார்த்திராத இந்தியாவில் எனக்கிருந்த ஒரே முகவரி அந்தச் சொம்புதான்.

மணிமங்கலத்தில் நாதமுனி உயிரோடு இருந்தார். சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தச் சிப்பாய் நீங்கதானே?"

"நான்தாம்பா" என்றார், சொம்பை மடியில் வைத்துக்கொண்டு. "யாராண்டயும் அந்தக் கதைய எடுக்காத. மனசு தாங்காது."

எவ்வளவு பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மகனே என்று கூப்பிட்டார். சோறு போட்டார். கழனிக்குக் கூட்டிப்போனார். இனி இங்கேதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒருநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் சிப்பாய்க் கதையை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நாதமுனியா பட்டாளத்துக்குப் போச்சி? அது செம்பரம்பாக்கம் ஏரியத் தாண்டினாலே ஜுரம் வந்து பட்த்துக்கும். போனது அதும் மச்சான் ஏழுமலை. தங்கச்சி கண்ணாலத்துக்கு நாதமுனி வச்ச சீருப்பா அந்தச் சொம்பு. சீரு குடுத்தவன் பேரத்தான் வெட்டுவாங்க, குடிக்கிறவன் பேரையா வெட்டுவாங்க? மலேயாவுல இன்னாதான் கத்துக்குடுத்தாங்க உனக்கு?"

நேரே போய்க் கேட்டேன். நாதமுனி மறுக்கவில்லை.

"மச்சான் செத்துட்டான்னு நான்தான் சொன்னேன். சொல்லி, தங்கச்சிய இன்னொருத்தனுக்குக் கட்டிக்குடுத்தேன். ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் ரோட்டுல செங்கச் சூளை போட்டுக்கினு நல்லா கீறா கன்னியம்மா."

"செத்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் கெளப்பாத."

"சொம்பைக் கொடுங்க."

"ஏரில போட்டுட்டேன். உனக்குச் சோறு போட்டேன் இல்ல? அப்புறம் இன்னா?"

மலேயாவில், நீ எங்கள் ஆள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள். இங்கே, மகனே என்று சொல்லி வாயை அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டில் முதலாவதே மேல் என்று நடக்க நடக்கத் தோன்றியது. சொம்பு போனாலும் ஏழுமலை எங்கள் தோட்டத்துக்கு உயிரோடு வந்ததைக் கன்னியம்மாவிடம் சொல்லிவிடுவதென்று போய்க்கொண்டிருந்தேன். ஒரகடத்தில் ஒரு மரத்தடியில் படுத்தேன்.

காலையில் சூளையில் அவள் மண் மிதிப்பவர்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய மூக்கு அப்படியே இருந்தது. புருஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலைக்கா? எந்த ஊரு?"

"மலேயா."

கூழ் ஊற்றிய கை நின்றது. "மலேயாவுல எங்க?" என்றாள் அவள்.

புருஷன் திரும்பிப் பார்த்தார். மண்ணில் நின்ற மகனும் பார்த்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களை அவர்கள் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டேன்.

"ரொம்ப உள்ள, தோட்டத்துல. வெளியாளு யாரும் அங்க வரமாட்டாங்க."

அவள் என்னையே பார்த்தபடி ஒரு குவளைக் கூழ் ஊற்றி நீட்டினாள். கேட்காமலே இன்னொன்றும் ஊற்றினாள்.

"குடிச்சிட்டியா? எறங்கு" என்றார் புருஷன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் மகனுக்குப் பக்கத்தில் இறங்கி மண் மிதித்தேன்.