ஜெனரேட்டர் தாளம் போட்ட எங்கள் முதல் ஆல்பம்

எங்கள் ராக் பேண்டில் எல்லாமே கோபப் பாட்டுதான். யார்மேல் அவ்வளவு கோபம் என்று கேட்டால், ஃபேக்டரி கேன்டீன் சாம்பாரைத் தாண்டி எங்களுக்குச் சொல்லத் தெரியாது. கிடாரும் பாட்டும் ஒரு திருநெல்வேலிக்காரன், என்னோடு அசெம்பிளி லைனில் நின்றவன். பேஸ் கிடார் எங்கள் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். வாசிக்கும்போதும் பேசமாட்டார், வாசிக்காதபோதும் பேசமாட்டார். டிரம்ஸ் நான்.

மூக்கண்டப்பள்ளி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு காலி ஷெட். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேதான் பிராக்டிஸ். பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் நாள் முழுக்கத் தகட்டை அடித்துக்கொண்டிருக்கும், எங்கள் தரையும் சேர்ந்து அதிரும். அதனால் எங்கள் சத்தத்தைப் பற்றி ஒருவரும் புகார் சொன்னதில்லை. பிரஸ் ஓனர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "எப்பப்பா ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார். நாங்கள் அப்போது மூன்றாவது பாட்டில் இருந்தோம்.

திடீரென்று திருநெல்வேலிக்காரனுக்குப் புனேக்கு மாற்றல் வந்தது. அவன் கிளம்புவதற்குள் ஆல்பம் பதிவாகாவிட்டால் பேண்டே கிடையாது. பெங்களூரிலிருந்து ஒரு சவுண்ட் இன்ஜினியர் லேப்டாப், மைக்கோடு வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நாள்தான், திரும்புகிற வழியில் அத்திப்பள்ளியில் டிராஃபிக் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவேன் என்றார்.

பிரஸ் சத்தம் மைக்கில் விழுமே? யோசனை சொன்னவன் நான். எஸ்டேட்டுக்கு நாள் முழுக்கக் கரண்டை நிறுத்திப் பவர் ஹாலிடே விடும் நாளில் வைத்துக்கொண்டால் ஒரு மெஷினும் ஓடாது. கரண்டுக்கு, கல்யாண மண்டபங்களுக்குப் போகிற பழைய டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, தெருக்கோடியில் நிறுத்தி, நீளமாக ஒயர் இழுத்தோம். அவ்வளவு புத்திசாலியாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

முதல் பாட்டு பாதியிலேயே நின்றது.

"எங்கல ஓடுத? ரயிலுக்கு நேரமாயிட்டோ?" என்றான் கிடாரிஸ்ட் என்னிடம்.

மறுபடி ஆரம்பித்தோம்.

"இப்ப என்ன, பொணத்தத் தூக்கிட்டுப் போறமால?"

இன்ஜினியர் என் ஹெட்போனில் 'டிக் டிக்' என்று ஒரு தாளக் கணக்குச் சத்தம் வைத்தார். லைன் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று வாட்ச் பார்ப்பது போலிருந்தது. தாளம் இன்னும் தப்பியது. நான் ஸ்டூலைக் குறை சொன்னேன், குச்சியைக் குறை சொன்னேன், காலையில் தின்ற பொங்கலையும் விடவில்லை. கடைசியில் நெஞ்சு படபடக்கிறது என்றேன்.

"மைக்ல கேக்குது சார்," என்றார் இன்ஜினியர். "அதுவும் டெம்போல இல்ல."

அப்போது ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் வாயைத் திறந்தார். "இத்தன நாளா இவன் நம்மகூட வாசிக்கல. பிரஸ்கூட வாசிச்சிருக்கான்."

உண்மைதான். பக்கத்தில் தகட்டில் அடி விழுந்தால்தான் என் கால் பெடலில் விழும். அமைதியில் நான் ஒருநாளும் வாசித்ததே இல்லை.

ஓடிப்போய்விடலாம் என்று வெளியே வந்தேன். ஓடவும் செய்தேன். தெருக்கோடியில் ஜெனரேட்டர் டுக் டுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நாலு டுக்குக்கு ஒருமுறை என் வலது கால் தானாகத் தரையைத் தட்டியது. திரும்பி வந்து எல்லோரையும் கூட்டிப்போனேன். ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டுவந்து, என் முதுகுக்குப் பின்னால் ஷெட் சுவருக்கு வெளியே நிறுத்தினோம்.

"இதுக்கு பஸ் ஸ்டாண்டுலயே வாசிச்சிருக்கலாம்," என்றான் கிடாரிஸ்ட், மூச்சு வாங்கிக்கொண்டு.

ஆனால் பாட்டுகள் ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஏறின. கடைசிப் பாட்டின் நடுவில் டுக் டுக் மெதுவாகியது. நானும் மெதுவானேன். மற்ற இருவரும் என்னை முறைத்துக்கொண்டே மெதுவானார்கள். டீசல் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். வாசிப்பதை நிறுத்தினால் செத்தேன் என்றும் தெரியும். டியூப்லைட் மங்கி அணைந்தது. கிடார் செத்தது, பேஸும் செத்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. நான் தனியாக, ஜெனரேட்டரின் கடைசி டுக் வரைக்கும் அடித்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தேன்.

இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றினார். "சூப்பர் எண்டிங் குரு. யார் பிளான் பண்ணது?"

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஜெனரேட்டர் பக்கம் கையைக் காட்டினார்.

"எதுக்கும் இன்னொரு டேக் எடுத்துடலாமா?"

கிடாரிஸ்ட் என் முகத்தைப் பார்த்தான். "வேண்டாம் சார். அவனுக்கும் டீசல் தீந்துட்டு."