வரதன் சட்டைக்குள் வந்த பூச்சி

கள்ளிக்குப்பத்து வரதனுக்கு இருபது வருடமாகக் குழாய் வேலைதான் சோறு போடுகிறது. மூன்றாவது மாடி சன்ஷேடில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு பைப் மாட்டுவான். பயந்தாங்கொள்ளி என்று அவனை யாரும் சொன்னதில்லை.

அன்று காலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பட்டறையின் மோட்டார் ரூமைத் திறந்தான். பட்டறையைப் புதிதாக வாங்கியவர்கள் பைப் லைனைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கதவைத் தள்ளியதுதான் தாமதம், கூரையிலிருந்து வவ்வால்கள் கும்பலாகக் கிளம்பி முகத்தில் மோதின. கைகளால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான்.

வண்டியில் திரும்பும்போது, சிக்னலில், நெஞ்சின் மேல் ஏதோ குறுகுறுவென்று ஓடியது. சட்டையைப் பிரித்துப் பார்த்தான். உளுந்தளவு பூச்சி ஒன்று. சிலந்தி மாதிரி நீளக் கால்கள். நண்டு போலப் பக்கவாட்டில் ஓடியது. தலையையே காணோம். பைப்புக்குச் சுற்றும் வெள்ளை டேப்பின் டப்பாவைக் கவிழ்த்து எப்படியோ அதைப் பிடித்து மூடினான்.

வவ்வால் காய்ச்சல் பற்றிச் செல்போனில் பார்த்த செய்திகளெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு வந்தவன் வாசல் படியைத் தாண்டவில்லை.

"இன்னாய்யா, அங்கியே நின்னுகினு கீற?" என்றாள் மனைவி தாட்சாயிணி.

"கிட்ட வராத. பாப்பாவ உள்ள இட்டுகினு போ. என் மேல வவ்வா பூச்சி ஊந்துச்சி."

அவள் டப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்தாள். அவளுக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் யோசனை ஓடியது. "நூம்பல்ல ஒரு மேடம் ஊட்ல கீசர் மாட்டுனியே, வேலப்பன்சாவடி காலேஜ்ல பூச்சி பாடம் எடுக்கறாங்கன்ன. அவங்களாண்ட காட்டு, போ!"

அந்த மேடம் கிருஷ்ணப்பிரியாவுக்குத் தேனிப் பக்கம் ஊர். ஆய்வகத்தில் பூச்சியை ஸ்பிரிட்டில் போட்டு, நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள். அந்த நேரம் முழுக்க வரதன் சுவரோரம் நின்று, தனக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"சிலந்தி இல்லண்ணே. அதுக்கு எட்டுக் கால், இதுக்கு ஆறுதான். இது ஈ. வவ்வால் மேலயே குடியிருக்கிற, றெக்கையில்லாத ஈ."

"தல இல்லியே மேடம்?"

"இருக்கு. முதுகு மேல மடிச்சு வச்சிருக்கு. வந்து பாருங்க."

பார்த்தான். முதுகில் ஒரு சின்ன உருண்டை, உடம்பெல்லாம் சீப்புப் பல் போல முட்கள். அருவருப்பில் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"வவ்வால் ரத்தம் இல்லாம ரெண்டு நாள்கூடத் தாங்காது. உங்க மேல இது தங்காது, பயப்படாதீங்க" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "அது சரி, வவ்வால் எங்கயாச்சும் கீறுச்சா?"

அவன் முழங்கையைத் திருப்பிக் காட்டினான். சிவப்பாக ஒரு கோடு. கதவு ஆணியா, வவ்வால் நகமா, அவனுக்கே தெரியவில்லை.

"தெரியலன்னா வவ்வால்னே வச்சுக்கணும். சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவுங்க. நாய் மட்டுமில்ல, வவ்வால் கீறுனாலும் வெறிநோய் வரலாம். இப்பவே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கங்க. பூச்சிய விடுங்க, இதுதான் முக்கியம்."

இறங்கிய பயம் இருமடங்காக ஏறியது. குழாயடியில் நின்று தோல் எரியும்வரை தேய்த்தான்.

ஆஸ்பத்திரியில் கீறலைச் சுற்றியும் குத்தினார்கள், இரண்டு தோளிலும் குத்தினார்கள். நாலு தவணை, ஒரு மாதம். அந்த மாதம் முழுக்கத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் இறங்குகிறதா என்று கவனித்தான். வெறி பிடித்தால் தண்ணீரைக் கண்டு பயம் வருமாம். குழாய் வேலைக்காரனுக்கு அதைவிடக் கொடுமை உண்டா?

நடுவில் கிருஷ்ணப்பிரியா, வவ்வால்களை நேரில் பார்க்க அந்தப் பட்டறையைக் காட்டச் சொன்னாள். கூட்டிப்போனான், ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. அவள் கையுறையும் முகக்கவசமும் போட்டு உள்ளே போய் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்தே வைத்திருந்தான்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. "அவ்ளோதான்ணா, முடிஞ்சுது" என்று சிஸ்டர் சீட்டை நீட்டினாள்.

வரதன் நகரவில்லை. "எதுக்கும் இன்னொண்ணு போட்டுக்கட்டா சிஸ்டர்?"