கீழ் அம்பு தேய்ந்த கீபோர்டு

என் மேசையில் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறது. எழுத்துகளெல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. கீழ் நோக்கிய அம்புக்குறி மட்டும் அழிந்து, அந்தப் பொத்தான் மொட்டையாக நிற்கிறது. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். முன்னால் ஓடித்தான் அவர்களுக்குப் பழக்கம். என் அண்ணியோ பின்னோக்கி நடந்தே வேலை வாங்கியவர்.

திருமானூரில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த ஆறாம் மாதம், சென்னையில் ஒரு கேம் கம்பெனி அண்ணிக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கொடுத்தது. விளையாட்டை ஆடிப் பார்த்து, எங்கே பிசகுகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். அந்தக் குழுவில் அவர் ஒருத்திதான் பெண். "பகல் முழுக்க வெளையாடுறவளுக்குச் சம்பளம் வேறயா?" என்பார் அம்மா. நிரந்தரமாகாவிட்டால் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டுத் தையல் கடை வைப்பதாக அண்ணி வாக்குக் கொடுத்திருந்தார். நானோ அந்த நாள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அண்ணி என்னையும் கேம் வேலைக்கு இழுத்துவிடுவார் என்று ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு விவசாய விளையாட்டு வந்தது. அதில் ஒரு பெண் முன்னே நடந்து நடந்து நாற்று நட்டாள். "ஏய், இங்க வாடி! நட்ட நாத்தையே மிதிச்சுக்கிட்டுப் போறா பாரு!" என்று அண்ணி கத்தினார். பிழை என்று எழுதி அனுப்பினார். மேலாளர் போனில் வந்தார். "கேம்ல யாரும் பின்னாடி நடக்க மாட்டாங்க மேடம். நீங்க டெஸ்ட் மட்டும் பண்ணுங்க." அண்ணியின் முகம் சுண்டிப்போனது. அதுவும் கொஞ்ச நேரம்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் வயலில் அன்று சம்பா நடவு. அண்ணி சேற்றில் இறங்க, நான் வரப்பில் நின்று போனில் படம் பிடித்தேன். ஒன்பது பெண்கள் குனிந்தபடி பின்னால் பின்னால் நகர, அவர்களுக்கு முன்னே பச்சை விரிந்துகொண்டே போனது. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேலாளர் சொன்னதைக் கேட்டு, அவர்களில் மூத்த பெண் சிரித்த சிரிப்பில் நாற்றுமுடியைக் கீழே போட்டுவிட்டார். "சோறு திங்கிறவங்கதானே தாயி அவங்களும்?"

நான் பிடித்த படத்தைப் பார்த்துப் பார்த்து, கம்பெனி கொடுத்திருந்த கோப்பிலேயே அந்த நடவுக் கட்டத்தை மூன்று நாள் உட்கார்ந்து அண்ணியே மாற்றி அனுப்பினார். ஆடுகிறவர் பின்னால் நகர்ந்துகொண்டே, வரப்பில் இடிக்காமல், வரிசை கலையாமல் நட வேண்டும். கீழ் அம்பு தேய ஆரம்பித்தது அப்போதுதான். ஆடிப் பார்த்த மேலாளர் மறுபடி கூப்பிட்டார். "பதினோரு தடவ வரப்புல முட்டிக்கிட்டேன் மேடம். விடவே முடியல." வேலை நிரந்தரமானது, அதுவும் விளையாட்டை வடிவமைக்கும் வேலை! நான் அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். "விடுடி, விழுந்துடப் போறேன்" என்றவர்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

விளையாட்டு வெளியானதும் நடவுப் பெண்களை அண்ணி வீட்டுக்கு அழைத்தார். ஆட்டத்தின் முடிவில், அதை உருவாக்க உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் திரையில் ஓடியது. அண்ணியின் பெயருக்குக் கீழே அந்த ஒன்பது பெயர்கள். மூத்த பெண் தன் பெயரை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"என் பேரு எங்க அண்ணி?" என்றேன்.

"நீ வரப்புலதானே நின்ன?"

இன்று அண்ணியின் குழுவில் ஐந்து பெண்கள். நானும் ஒருத்தி. நேற்று என் முதல் விளையாட்டு வெளியானது. அண்ணி எனக்குக் கொடுத்த இந்தக் கீபோர்டின் மொட்டைப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பட்டியலை நகர்த்தினேன். அண்ணியின் பெயருக்கு அடுத்ததாக என் பெயர் வந்து நின்றது. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"என்னடி, சேத்துல எறங்கிட்டியா?" என்றார்.