சொறிமீனும் ஒரு பிடி படிகாரமும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் இறந்த செய்தி வந்தது. அவருடைய தம்பி பேசினார். "அக்கா காலைல போயிட்டாங்க சார். நாளைக்கு அடக்கம்" என்றார். வருகிறேன் என்றேன். கேட் திறந்ததும் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், நானும் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் ஒரே கல்லூரியின் விலங்கியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே ஆண்டு வேலைக்குச் சேர்ந்தோம். எஸ்தரிடம் படித்தவர்களுக்குக் கொலாஜன் பாடம் மறந்திருக்காது. தோலையும் தசைநாரையும் இழுத்துக் கட்டும் அந்தப் புரதத்தில் மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம்தான் இருந்தாக வேண்டும். "மூணு பேர் சீட்டுல மூணாவது ஆள் சின்னப் பிள்ளையா இருந்தாத்தான் நெருங்கி உட்கார முடியும். அங்க ஒரு தடியர் வந்து உட்கார்ந்தா எல்லாம் கோணிக்கும்" என்பார். பட்டுக்கோட்டை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஜெல்லி மீன் என்கிறோமே, அந்த எலும்பில்லாத சொறிமீனுக்கும் இதே கயிறுதான். சூடேற்றினால் ஒரு கட்டத்தில் முறுக்கு அவிழ்ந்து கூழாகிவிடும். குளிர்ந்த கடலில் வாழும் உயிருக்கு அது சீக்கிரமே அவிழும். அப்படியானால் நம் வெதுவெதுப்பான கடலில் மிதக்கும் சொறிக்கு எந்தச் சூட்டில் அவிழும்? எஸ்தருக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. துறையில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டோடு அலைந்த தொண்ணூறுகள் அவை. எனக்கு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றின் மேல் கண். ஆளுக்கொரு ஆசையோடு சேர்ந்து வேலை பார்த்தோம்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் மீன் வியாபாரம் செய்த அஞ்சலை மீனவர்களிடம் சொல்லி எங்களுக்குச் சொறி பிடித்துத் தருவார். பஸ்ஸில் போய் ஐஸ் பெட்டியில் எடுத்து வருவது என் வேலை, அளப்பது எஸ்தரின் வேலை. அளவு ஒரு புள்ளி பிசகினாலும் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். அந்த எஸ்தரே மூன்று முறை அளந்துவிட்டுத் திகைத்து நின்றார். எங்கள் சொறியின் கயிறு எதிர்பார்த்ததைவிடப் பல டிகிரி தாங்கியது. கட்டுரை எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். அதை வைத்தே எனக்கு வேலைக் கடிதமும் வந்தது.

அதன்பிறகு ஒருமுறை கடற்கரைக்குப் போனேன். அஞ்சலை என்னைப் பார்த்ததும், "போன தடவை வெயில்ல கெட்டுடக் கூடாதுன்னு ஒரு பிடி படிகாரம் போட்டுக் குடுத்தேன் சார். நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். ஏற்றுமதிக்காரர்கள் சொறியை உப்பும் படிகாரமும் போட்டுத்தான் பதப்படுத்தினார்கள். அவர்களிடம் பழகிய கை அது. படிகாரம் இழைகளைப் பிணைத்து இறுக்கிவிடும், தோல் பதனிடுவதும் அப்படித்தான். ஆக, சூட்டைத் தாங்கியது படிகாரம்.

"நல்லா வந்துச்சும்மா" என்றேன். தஞ்சாவூர் வந்து யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு டிக்கெட்டுக்கு அலைந்தேன்.

அடுத்த மாதம் எஸ்தர் தானே போய் வேறு சொறி கொண்டுவந்தார். அது மற்றச் சொறிகளைப் போலவே அவிழ்ந்தது. "அஞ்சலைகிட்டப் பேசிட்டு வந்தேன்" என்றார் என்னிடம். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவனைப் போல. "படிகாரம் போட்டிருக்காங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருக்காங்க" என்றார். அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்குக் கடிதம் எழுதினார். மாதிரியைச் சரிபார்க்காதது தன் பிழை, உடன் பணியாற்றியவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை என்று அதில் இருந்தது. அந்த வரியால் என் வேலை தப்பியது. அவருடைய ஆராய்ச்சித் திட்டத்துக்கு அதன்பின் யாரும் நிதி தரவில்லை. கடைசிவரை பாடம் மட்டும் நடத்தினார். ஒவ்வொரு விடுமுறையிலும் ஊருக்கு வந்து அவர் வீட்டில் காபி குடித்திருக்கிறேன், அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நான் மறைத்தது அவருக்குத் தெரியாது என்ற தைரியம்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அஞ்சலையிடம் செய்தி சொல்லப் போனேன். கண் சரியாகத் தெரியாமல் மகள் வீட்டில் இருக்கிறார். சிறிது நேரம் அழுதார். பிறகு, "படிகாரத்தைப் பத்திக் கேட்டுக்கிட்டு வந்தாங்களே அந்தம்மா. அதான் சார்கிட்ட அப்பவே சொல்லிட்டேனேன்னேன். சரிம்மான்னுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

எஸ்தரின் நண்பர்களே, அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ஒரு புள்ளி பிசகினாலும் பொறுக்காதவர், எனக்கு முன்பே தெரியும் என்று அறிந்தும், தெரிய வாய்ப்பில்லை என்று எழுதினார். அவர் எழுதியதில் நான் கண்ட ஒரே பொய் அது. அந்தப் பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன். பிழையை இனி அவர் பெயரில் சொல்லாதீர்கள். எனக்கு அன்றே தெரியும்.