மூன்றாவது கப் பால்

இது கட்டிவிட்ட கதை இல்லை. சேனாபதிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அந்தக் கட்டடத்தை எப்போதோ யார் தலையிலாவது கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு பழைய சந்தை ஊர். அங்கே கடைத்தெரு நடுவில், மாடி வைத்த கல் கட்டடம். டாட்காம் காசு புரண்ட நாளில், குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து அதை வாங்கிப் போட்டார். 2000 கோடையில் வேலை போனது. கீழ்க்கடையும் காலி, மாடியும் காலி. கடைக்கு ஒரு லீஸைக் காட்டினால்தான் கடனைப் புதுப்பிப்போம் என்று பேங்க் கறாராகச் சொல்லிவிட்டது. இல்லையென்றால் கட்டடத்தோடு வீடும் போகும். ஆள் தேடி அலைந்து அலைந்து மனுஷன் ஓய்ந்துபோயிருந்தார்.

ஜனவரியில்தான் விசாலாக்ஷி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். டேகேர் தொடங்க இடம் தேடிக்கொண்டிருந்தார். பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் பால் காய்ச்சாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிடிவாதம்.

"காஸை கட் பண்ணிட்டாங்களேம்மா."

"பரவால்லீங்ணா. ஹாட் பிளேட் கொண்டாந்திருக்கேன்."

மாலை ஐந்தே கால். வெளியே அதற்குள் இருட்டு, பனி. சேனாபதி காருக்குப் போய் லீஸ் காகிதங்களை எடுத்து வந்தார். உள்ளே பால் பொங்கி வழிந்திருந்தது. விசாலாக்ஷி கும்பிட்டுக்கொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சேனாபதிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

விசாலாக்ஷி மூன்று பேப்பர் கப்பில் பால் ஊற்றினார்.

"மூணாவது யாருக்கும்மா?"

"உங்க ஆளுக்குத்தாங்ணா. பின்னால படில உக்காந்திருக்காரே, வயசான வெள்ளைக்கார அங்கிள். 'ப்ளீஸ் கம் இன்'னு கூப்ட்டேன். அவருக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பால் காச்சற எடத்துல யாரையும் வெறும் வாயா அனுப்பக் கூடாதுங்கில்ல?"

சேனாபதிக்கு ஆள் என்று யாரும் இல்லை. எட்டிப் பார்த்தார். மாடிப்படி காலி. மேலே கதவில் அவர் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

விசாலாக்ஷி ஒரு கப்பைக் கீழே கடைசிப் படியில் வைத்துவிட்டு வந்து பேனாவை வாங்கினார்.

க்ரீச்...

மரப்படி. மேலிருந்து.

தனக்கு ஆள் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் லீஸ் போகும். லீஸ் போனால் வீடு போகும்.

"இங்க ஒரு கையெழுத்தும்மா" என்றார்.

க்ரீச்... க்ரீச்...

இறங்கியது.

நின்றது.

உர்ர்ர்... யாரோ உறிஞ்சிக் குடித்தார்கள்.

விசாலாக்ஷி நிமிராமலே சிரித்தார். "குடிச்சுட்டாருங்ணா."

படியில் யாரும் இல்லை.

கப் காலியாக இருந்தது.

மார்ச்சில் பேங்க் கடனைப் புதுப்பித்தது. வீடு தப்பியது. ஆனால் சேனாபதிக்கு மனசு கேட்கவில்லை. கட்டடத்தை விற்ற இத்தாலியக் கிழவருக்கு போன் போட்டார். படியில் யாரோ... என்று இழுத்ததுமே கிழவருக்குப் புரிந்துவிட்டது. தன் அப்பா காலத்து வாடகைக்காரர், பனிக்காலத்தில் சாமானோடு வெளியே தள்ளப்பட்டவர், எப்படியோ திரும்பி வந்து அந்தப் படியிலேயே செத்துக் கிடந்தார் என்றார்.

"பயப்படாதே. நானும் காலமெல்லாம் பார்த்தவன்தான். அந்தப் படியை விட்டு அவர் இறங்கியதே இல்லை. உள்ளே வா என்று யாராவது கூப்பிட்டால்தானே வருவார்? நாங்கள் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை."

திங்கட்கிழமை டேகேர் திறப்பு. முதல் நாளே கைக்குழந்தைகள்கூட வருகிறார்கள் என்று விசாலாக்ஷி சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்.

சேனாபதி அவருடைய நம்பரைப் பாதி வரை அழுத்தினார்.

பிறகு போனை வைத்துவிட்டார்.